சென்னை மின்சார ரயில்: டிக்கெட் எடுப்பது முதல் இறங்குவது வரை

சென்னை மெட்ரோவில் டிக்கெட் இல்லாமல் தடுப்புக் கதவு திறக்காது. மாநகரப் பேருந்தில் கண்டக்டர் நம்மைத் தேடி வந்து கேட்பார். மின்சார ரயிலில் இந்த இரண்டும் கிடையாது. தெருவிலிருந்து படியேறி, நடைமேடையில் இறங்கி, வந்து நிற்கும் வண்டியில் ஏறிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்கிற அன்றைக்கு 250 ரூபாய் அபராதமும், அதோடு பயணக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு டிக்கெட் 10 ரூபாய்தான். ஒரு அபராதக் காசில் இருபத்தைந்து தடவை போயிருக்கலாம்.

மாட்டிக்கொள்கிறவர்களில் ஏமாற்ற வேண்டும் என்று ஏறியவர்கள் குறைவு என்பதுதான் நான் பார்த்தது. ஊரிலிருந்து வேலைக்கோ, படிப்புக்கோ, ஆஸ்பத்திரிக்கோ வந்தவர்கள்தான் அதிகம். கவுன்டரில் வரிசை நீளம், வண்டியோ வந்துவிட்டது, சரி போகட்டும் என்று ஏறிவிடுவார்கள். இன்னும் சிலரிடம் டிக்கெட் இருக்கும். ஆனால் அந்த டிக்கெட் அந்த வண்டிக்கு, அல்லது அந்தப் பெட்டிக்குச் செல்லாது. இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மின்சார ரயிலில் டிக்கெட் வேலை நடைமேடைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது பழகிவிட்டால் இந்த நகரத்தில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு வேகமாகப் போய்வர வேறு வழியே இல்லை.

எந்தத் தடம், எந்த நிலையம்

டிக்கெட் எடுப்பதற்கு முன் ஏறும் நிலையத்தின் பெயரும் இறங்கும் நிலையத்தின் பெயரும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேதான்.

தெற்குத் தடம் சென்னை கடற்கரையில் தொடங்கி எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை போகிறது. சில வண்டிகள் அதையும் தாண்டிக் காஞ்சிபுரம் பக்கம் போகும். நகரத்தின் பழைய தடம் இது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். மேற்குத் தடம் சென்ட்ரலில் இருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. வடக்குத் தடம் திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவின் சூலூர்பேட்டை வரை. நான்காவது, எல்லோரும் பறக்கும் ரயில் என்று சொல்லும் தடம்: கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரி.

சென்ட்ரல் பகுதியில் புதியவர்கள் கட்டாயம் தடுமாறுவார்கள். அங்கே மூன்று புறநகர் நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தாம்பரம் போக வேண்டும் என்றால் 'பூங்கா', அதாவது பார்க் ஸ்டேஷன். வேளச்சேரி போக வேண்டும் என்றால் 'பூங்கா நகர்', பார்க் டவுன். ஆவடியோ கும்மிடிப்பூண்டியோ போக வேண்டும் என்றால் சாலைக்கு அந்தப் பக்கம், சென்ட்ரலை ஒட்டியுள்ள 'மூர் மார்க்கெட் வளாகம்'. நெடுந்தூர ரயிலில் சென்ட்ரலில் வந்து இறங்கி, கவுன்டரில் "தாம்பரம் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஆவடி வண்டி நிற்கும் நடைமேடையில் பெட்டி படுக்கையோடு காத்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு ஒவ்வொன்றும் வேறு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தது. சாலையின் கீழே சுரங்கப்பாதை இருக்கிறது, அதில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் பார்க் ஸ்டேஷன் என்று சொன்னபோது அந்த அம்மா முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியவில்லை.

இன்னொரு தவறு கடற்கரையிலும் கோட்டையிலும் நடக்கும். இந்த இரண்டு நிலையங்களிலிருந்தும் தாம்பரம் வண்டியும் புறப்படும், வேளச்சேரி வண்டியும் புறப்படும். கோட்டைக்கு அப்புறம் தடம் பிரிந்துவிடும். அதனால் வண்டி வந்தது என்று ஏறாமல், பலகையில் வேளச்சேரியா தாம்பரமா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் திரிசூலத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய மீனம்பாக்கத்துக்கு அல்ல. திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், வண்டலூர் ஊரப்பாக்கம் நிலையங்களுக்கு நடுவே வருகிறது. இரவுப் பேருந்தில் மூட்டையோடு வந்து இறங்குபவர்களுக்கு, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து ரயில் பிடிப்பது எளிது. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிகள் நிறைய, உட்கார இடம் கிடைக்கும்.

கட்டணம் எவ்வளவு

இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரம் முதல் கடற்கரை வரை 10 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 15 ரூபாய். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. ஒரு தேநீர் விலையில் நகரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கடக்க முடிகிறது. வீட்டு வேலைக்கும், கட்டட வேலைக்கும், பூ வியாபாரத்துக்கும் தினமும் வருகிறவர்கள் இந்தக் கட்டணத்தை நம்பித்தான் செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் குடியிருக்கிறார்கள்.

5 வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட்.

முதல் வகுப்புக் கட்டணம் பல மடங்கு அதிகம், ஆனால் வசதியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நெரிசல் குறைவு என்பதுதான் லாபம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: அவசரத்தில் ஓடி வந்து காலியாகத் தெரிகிற பெட்டியில் ஏறினால், அது பெரும்பாலும் முதல் வகுப்பாக இருக்கும். கையில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் இருந்தாலும் அபராதம் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், பார்த்து ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள்.

கவுன்டரும் இயந்திரமும்

கவுன்டரில் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்தான்: எந்த ஊர், எத்தனை பேர், போக மட்டுமா போய்வரவா. "எழும்பூர் ரெண்டு, ரிட்டர்ன்." இவ்வளவு போதும். சில்லறை கையில் இருந்தால் பின்னால் நிற்பவர்களும் வாழ்த்துவார்கள். டிக்கெட்டை வாங்கியதும் நிலையத்தின் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் அங்கேயே பாருங்கள். நகர்ந்துவிட்டால் மாற்றித் தருவது கஷ்டம்.

காலை எட்டு மணிக்கு மேல் கவுன்டர் வரிசை பாலம் வரை நீளும். பக்கத்திலேயே ஏ.டி.வி.எம். எனப்படும் தானியங்கி டிக்கெட் இயந்திரங்கள் இருக்கும். இதைப் பார்த்துத் தயங்கி விலகிப் போகிறவர்கள் நிறைய. ஆனால் வேலை சுலபம்:

1. திரையைத் தொட்டதும் மொழி கேட்கும். தமிழ் இருக்கிறது.
2. இறங்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் தொடலாம், அல்லது பெயரைத் தேடலாம்.
3. ஆள் எண்ணிக்கை, வகுப்பு, ஒருவழியா இருவழியா என்பதைச் சரிபாருங்கள். வகுப்பை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.
4. பணம் செலுத்த ரயில்வே ஸ்மார்ட் கார்டு, அல்லது திரையில் வரும் கியூஆர் குறியீட்டை ஜிபே, போன்பே போன்ற எந்த யுபிஐ செயலியிலும் ஸ்கேன் செய்வது.
5. டிக்கெட் கீழே வந்து விழும். அது வரும் வரை நகராதீர்கள்.

பல நிலையங்களில் இந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் உதவிக்கு உட்கார்ந்திருப்பார். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் கார்டில் டிக்கெட் எடுத்துத் தருவார். டிக்கெட்டில் போட்டிருக்கிற விலைதான், மேலே கொடுக்க வேண்டாம். ஒருநாள் தாம்பரத்தில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டி, "தம்பி, எழும்பூர் ஒண்ணு குடுப்பா" என்றார். உதவியாளருக்கு அவரைவிட நான்கு வயது கூடவே இருக்கும். "நானா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே அவர் விரல் திரையில் நான்கு இடத்தில் பட்டது, அவ்வளவுதான், டிக்கெட் வெளியே. பதினைந்து விநாடி ஆகியிருக்காது. பக்கத்தில் கவுன்டர் வரிசையில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கைபேசி பழகாத பெரியவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

கைபேசியில் எடுப்பது

தினமும் போகிறவர்களுக்கு இதுதான் வழி. பத்து வருடமாக யுடிஎஸ் செயலி இந்த வேலையைச் செய்துவந்தது. 2025 ஜூலை 1 அன்று ரயில்வே 'ரயில்ஒன்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லா டிக்கெட், நடைமேடை டிக்கெட், புகார் எல்லாம் இதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ரயில்ஒன்னைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யுடிஎஸ் கணக்கு இருந்தால் அதே விவரத்தை வைத்து உள்ளே போகலாம்.

பதிவு செய்யும் வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். கைபேசி எண், ஓடிபி, ரகசிய எண் என்று ஐந்து நிமிடம் பிடிக்கும். நடைமேடையில் நின்றுகொண்டு, வண்டி வரும் சத்தம் கேட்கும்போது செய்கிற வேலை அல்ல அது. பணத்துக்கு யுபிஐ போதும். வேண்டுமானால் செயலிக்குள்ளேயே இருக்கும் பணப்பையான ஆர்-வாலட்டில் நூறு இருநூறு ரூபாய் போட்டு வைக்கலாம். அதில் எடுத்தால் 3 சதவீதம் சலுகை உண்டு. எனக்கு அந்தச் சலுகையைவிட, வங்கி சர்வர் இழுத்தடிக்கும் நாளில் உடனே டிக்கெட் விழுகிறதே, அதுதான் பெரிய உபயோகம்.

அப்புறம் தினசரி வேலை இதுதான். முன்பதிவில்லா டிக்கெட் பகுதிக்குப் போங்கள். கைபேசியில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், ஆள் எண்ணிக்கை கொடுங்கள். அடுத்து ரயில் வகை கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். நமக்கு வேண்டியது சாதாரண வகை. மெயில் அல்லது எக்ஸ்பிரஸ் என்று தொட்டுவிட்டால் கட்டணம் கூடிவிடும். 10 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 30, 35 என்று காட்டினால் பணம் கட்டாமல் பின்னால் போய் வகையைப் பாருங்கள். தடம் மாறிப் போகும் பயணங்களுக்கு எந்த வழி என்றும் கேட்கும். நீங்கள் உண்மையில் போகப்போகும் வழியையே தேர்ந்தெடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாம்பரம், மாம்பலம், செங்கல்பட்டு போன்ற இடங்களில் எக்ஸ்பிரஸ் ரயில்களும் நிற்கும். மின்சார ரயில் டிக்கெட்டோடு அதில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் போவதற்குச் சமம். செங்கல்பட்டில் காலையில் இந்தச் சபலம் பலருக்கும் வரும், ஏனென்றால் எக்ஸ்பிரஸ் சீக்கிரம் போய்விடும். வேண்டாம்.

காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள்ளே, தண்டவாளத்தை ஒட்டி நின்று எடுக்க முடியாது. பரிசோதகரைப் பார்த்ததும் எடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. எனவே வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, அல்லது ஆட்டோவில் வரும்போது எடுத்துவிடுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்குச் சில நேரம் வீட்டிலிருந்தே எடுக்க வராது. நான்கு வீடு தள்ளி நடந்தால் வந்துவிடும். மறந்து உள்ளே வந்துவிட்டால் பதற வேண்டாம். நிலைய நுழைவாயிலிலும் கவுன்டர் அருகிலும் கியூஆர் குறியீடு ஒட்டியிருப்பார்கள். செயலியில் கியூஆர் வழியாக எடுக்கும் வசதியைத் திறந்து அதை ஸ்கேன் செய்தால் அங்கே நின்றே எடுக்கலாம்.

எந்த நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். காலையிலேயே எடுத்து வைத்து மதியம் ஏறினால் அது செல்லாத டிக்கெட். ரத்து செய்து பணம் வாங்கவும் வழியில்லை.

எடுத்த டிக்கெட் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் செயலியில் திறக்கும், அதனால் சிக்னல் போனால் கவலையில்லை. ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் செல்லாது. இதில் வீட்டில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மகன் அலுவலகத்தில் இருந்தபடி அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதைக் காட்டும்மா" என்பான். டிக்கெட் அவன் கைபேசியில் இருக்கிறது, பயணம் செய்வது அம்மா. பரிசோதகர் கேட்டால் அம்மாவிடம் டிக்கெட் இல்லை என்றுதான் கணக்கு. அவருக்குக் காகித டிக்கெட்டே நல்லது. கூட வருகிறவர்களுக்கு எடுப்பது வேறு, அதற்குத் தடையில்லை. ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் வரை எடுக்கலாம். எடுத்தவர் கூடவே இருக்க வேண்டும்.

பணம் போய் டிக்கெட் வரவில்லை என்றால்? முதலில் செயலியில் முன்பதிவு வரலாற்றைத் திறந்து பாருங்கள். பல நேரம் டிக்கெட் அங்கே உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் அந்தப் பணம் வங்கிக்குத் திரும்பி வந்துவிடும், ஆனால் உடனே வராது. "பணம் கட்டிட்டேன் சார், மெசேஜ் பாருங்க" என்பது பரிசோதகரிடம் எடுபடாது. இன்னொரு 10 ரூபாய் கொடுத்து வேறு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

கைபேசியில் சார்ஜ் குறைவாக இருக்கும் நாளில் நான் இயந்திரத்திலேயே எடுத்துவிடுவேன். கைபேசி அணைந்து போனால் டிக்கெட்டும் அணைந்து போனதாகத்தான் அர்த்தம்.

பேருந்து, மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற செயலி வந்தது. மாறி மாறிப் போகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் சிங்காரச் சென்னை கார்டை மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் தேய்ப்பதுபோல மின்சார ரயிலில் தேய்க்க முடியாது, ரயிலுக்கு டிக்கெட் தனி.

சீசன் டிக்கெட்

மாதத்தில் பத்து நாளுக்கு மேல் ஒரே தடத்தில் போய்வருகிறீர்களா? தயங்காமல் சீசன் எடுங்கள். தினம் தினம் எடுப்பதைவிட மலிவு என்பது ஒரு பக்கம். தினமும் காலையில் டிக்கெட் என்ற கவலையே இல்லாமல் போகிறதே, அது அதைவிடப் பெரிது. எடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம், ஒரு நாளில் எத்தனை முறையும் போகலாம். குரோம்பேட்டையில் குடியிருந்து நுங்கம்பாக்கத்தில் வேலை பார்ப்பவர் தாம்பரம்–கடற்கரை என்று எடுத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை குடும்ப வேலையாக எழும்பூர் போவதும் அதிலேயே அடங்கிவிடும். எடுக்கும்போது சற்று யோசித்து எல்லையை வையுங்கள்.

மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு மாதக் கட்டணத்தைப்போல 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, வருடத்துக்கு 10.8 மடங்கு. நிலையான வேலை என்றால் மூன்று மாதம் சரியான அளவு. சேமிப்பு பெரிதில்லைதான், ஆனால் மாதாமாதம் புதுப்பிக்க மறந்து மாட்டிக்கொள்கிற ஆபத்து குறையும்.

சீசனோடு அடையாள அட்டை எப்போதும் இருக்க வேண்டும். எடுக்கும்போது கொடுத்த அட்டை எண் டிக்கெட்டில் இருக்கும், பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் சீசன் இருந்தும் பயனில்லை. அண்ணன் சீசனில் தம்பி போவது சட்டப்படி குற்றம். செயலியில் புதிதாக எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும், எனவே அன்றைய பயணத்துக்குத் தனியாக டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதியாவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். நான் கைபேசி நாட்காட்டியில் ஐந்து நாள் முன்னதாக நினைவூட்டல் வைத்திருக்கிறேன். சீசன் முடிந்தது தெரியாமல் போகிறவர்கள் மாட்டுவது மாதத் தொடக்கத்தில் அதிகம்.

மாணவர்களுக்குச் சலுகைச் சீசன் உண்டு. வீட்டுக்கும் பள்ளி, கல்லூரிக்கும் இடையே மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்கு 12ஆம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். இது தெரியாமலேயே பணம் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் கேட்டு அத்தாட்சி வாங்கிக் கவுன்டரில் கொடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு 'இஜ்ஜத்' என்ற பெயரில் 25 ரூபாய் மாதச் சீசனும் உண்டு. அதற்கு வருமானச் சான்று வேண்டும்.

நடைமேடையில்

ஏற்றிவிட மட்டும் வருகிறவர்களுக்கும் டிக்கெட் வேண்டும். நடைமேடை டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அறிவிப்பு தொடங்கியதும் இரண்டு விஷயத்துக்குக் காதைக் கொடுங்கள்: எந்த ஊர் வரை, விரைவு வண்டியா. விரைவு வண்டி சின்ன நிலையங்களில் நிற்காது. அது வேறு நடைமேடையில் வருவதும் உண்டு. பழவந்தாங்கலில் இறங்க வேண்டியவர் இதில் ஏறினால் எங்கேயோ போய் இறங்கித் திரும்ப வர வேண்டும். 'தாம்பரம் வரை' என்று வரும் வண்டியில் செங்கல்பட்டு போகிறவர்கள் ஏறலாம், தாம்பரத்தில் மாறிக்கொள்ளலாம். ஆனால் அங்கே மாறி ஏறும் செங்கல்பட்டு வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அதிகாலை நான்கு மணி வாக்கில் தொடங்கும் வண்டிகள் நள்ளிரவு வரை ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் ஞாயிறு அட்டவணைப்படி வண்டிகள் குறைவு. பராமரிப்புப் பணி என்று வார இறுதியில் சில வண்டிகளை ரத்து செய்வார்கள். அறிவிப்பு இரண்டு மூன்று நாள் முன்பே செய்தித்தாளில் வரும். ஞாயிறு அன்று நேர்முகத் தேர்வோ, பரீட்சையோ, கல்யாணமோ இருந்தால் முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிர் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பது இரண்டு நாள் போய்வந்தால் பழகிவிடும். அதில் ஆண்கள் ஏறினால் அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டிக்கும் இதுவே பொருந்தும். சந்தை மூட்டை, கூடை என்று பெரிய சுமை கொண்டுபோகிறவர்களுக்குத் தனிப் பெட்டி உண்டு.

வாசலில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே வாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பம் ஒவ்வொன்றும் மிக அருகில் இருக்கிறது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். நிலையத்தில் பாலம் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைக் கடப்பதும் அப்படியே. விரைவு ரயில் வரும் சத்தம், நின்றுகொண்டிருக்கும் மின்சார ரயிலின் சத்தத்தில் கேட்காது. வாசலருகே நின்று கைபேசியை நீட்டிப் பிடிக்காதீர்கள். கீழே நின்று தட்டிப் பறிப்பவர்கள் உண்டு, டிக்கெட்டும் அதோடு போய்விடும்.

பரிசோதகர் வந்தால்

டிடிஆர் பெரும்பாலும் வண்டிக்குள்ளே வர மாட்டார். இறங்கி வெளியே போகும் படிக்கட்டின் அடியில், பாலத்தின் முனையில் நிற்பார். எனவே இறங்கிய பிறகும் நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை காகித டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். தவறு நம்மீது என்றால் அபராதத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. எங்கே ஏறினோம் என்று நிரூபிக்க முடியாவிட்டால், வண்டி புறப்பட்ட நிலையத்திலிருந்தே கட்டணத்தைப் போடுவார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். அந்த ரசீதுதான் மீதிப் பயணத்துக்கு டிக்கெட். டிக்கெட் இல்லை என்பதை நாமாக முன்னாலேயே சொல்லிவிட்டால் பேச்சு நல்லபடியாக முடியும். ஓடினால் வழக்கு வரை போகும்.

ஏசி வண்டி

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் செய்த 12 பெட்டி வண்டி, கதவு தானாக மூடும். குறைந்தபட்சம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய். மாதச் சீசன் 620 ரூபாயிலிருந்து 2,115 ரூபாய் வரை. செயலியில் ரயில் வகையில் ஏசி என்று தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண டிக்கெட்டோ சாதாரணச் சீசனோ இதில் செல்லாது. சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடோ, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவரோடோ போகும்போது அந்தக் காசு தகும். தினமும் போக எனக்குச் சாதாரண வண்டியே போதும். கதவு மூடும்போது ஓடி வந்து கையை நுழைக்காதீர்கள்.

ஏதாவது தவறினால்

139 என்ற எண்ணை இப்போதே சேமித்து வையுங்கள். பாதுகாப்பு, உடல்நலம், விசாரணை, புகார் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். இரவில் பெட்டியில் யாராவது தொந்தரவு செய்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி யோசிக்கலாம் என்று இருக்காமல் உடனே கூப்பிடுங்கள். ரயில்வேயின் 'ரயில் மதாத்' (Rail Madad) என்ற புகார்த் தளத்திலும் எழுதலாம், கைபேசியிலிருந்து படமும் அனுப்பலாம்.

பையை வண்டியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டால் வண்டிக்குப் பின்னால் ஓடுவதில் பயன் இல்லை. நிலைய அதிகாரியிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமோ நேராகப் போங்கள். அவர்கள் அடுத்த நிலையத்துக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கேட்கப்போவது மூன்று: வண்டி எந்த ஊருக்குப் போவது, எத்தனை மணிக்கு இங்கே வந்தது, முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி. என் மனைவி மதியச் சாப்பாட்டுப் பையை மேல் கம்பியில் மறந்துவிட்டு இறங்கிய நாளில், "மகளிர் பெட்டி, முன்பக்கம், ஒன்பது இருபத்திரண்டு" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மாலையில் போய்க் கேட்டபோது பை மேசைக்கடியில் பத்திரமாக இருந்தது, டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் அப்படியே.